அம்மா ஜாடைக்குக் கலந்த மருந்து

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அம்மா சுகம்தான். நான் நேற்றிலிருந்து அவ்வளவு சுகமில்லை. உன் தலைசுற்றல் நின்றதா, எழுந்து நடமாடுகிறாயா என்று தெரியும்வரை இப்படித்தான் இருப்பேன். நீ ஆபீஸ் மாடிப்படியில் மயங்கி விழுந்ததையும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும் மாப்பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவரைத் திட்டாதே. காலையில் சாப்பிடவில்லை என்று டாக்டரிடம் சொன்னாயாமே, தூக்கத்துக்கு நான் அனுப்பிய பொடியைப் பற்றி மூச்சு விடவில்லையாமே. போன் பண்ணலாம் என்று இரண்டு முறை எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன், அதனால் எழுதுகிறேன்.

இங்கே மற்றதெல்லாம் பழையபடிதான். நம் வைத்தியசாலையின் பின்னறை ஒழுகுகிறது. மருந்து வேர்களையெல்லாம் வீட்டு ஹாலில் பரப்பியதில் உட்கார இடமில்லை என்று அம்மா முறைக்கிறாள். போன வாரம் தையற்காரர் முதுகுவலி என்று வந்தார். வழக்கம்போல உடம்புக்கு என்ன பண்ணுது என்று ஆரம்பித்து, பசி எப்படி, தூக்கம் எப்படி, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பீர்கள், வீட்டில் யாரோடு மனஸ்தாபம், வேறென்ன மாத்திரை என்று முக்கால் மணி நேரம் குடைந்தேன். போலீஸ்காரங்ககூட இவ்வளவு கேக்க மாட்டாங்க என்று சலித்துக்கொண்டார். ஒரே வலியானாலும் உங்களுக்கு ஒரு மருந்து, பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு மருந்து என்று அவருக்குப் பெரிய விளக்கம் வேறு கொடுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால், தூக்கம் வரலப்பா என்று நீ சொன்னபோது நான் ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்களெல்லாம் அப்படியே அம்மா ஜாடை என்றார்கள், கேட்டுக் கேட்டு உன் உடம்பும் அவள் உடம்பாகவே எனக்குப் பட்டுவிட்டது. அவளுக்குக் கலக்கிற பொடியையே இன்னொரு பொட்டலமாகக் கட்டி அனுப்பினேன். அவளுக்கு இரத்தக் கொதிப்பு, அதையும் தணிக்கத்தான் அந்தக் கலவை. உனக்கு எப்போதுமே அழுத்தம் குறைவு என்பதை மாப்பிள்ளை சொல்லித்தான் முப்பது வருடம் அப்பாவாக இருந்த நான் தெரிந்துகொள்கிறேன். அலமாரியில் நோயாளிகளின் அட்டைகளைப் புரட்டினேன். பேப்பர் போடுகிறவருக்குக்கூட அட்டை இருக்கிறது, உனக்கு இல்லை. அம்மாவிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை. அவ முகந்தான் என்னோடது, உடம்பு அவளோடது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தப்பு என்னுடையதுதான் குட்டிம்மா. அதை மறைக்க நீ பொய் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பொடியை இனித் தொடாதே. மிச்சத்தை டாக்டரிடம் காட்டி, அப்பா கொடுத்தது என்று சொல். என்னென்ன சேர்த்தேன் என்று தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், அதையும் கொடு. என் பேர் கெட்டால் கெடட்டும்.

உனக்கும் ஓர் அட்டை எடுத்துவிட்டேன். மேலே மகள் என்று எழுதியிருக்கிறேன், கீழே எல்லாம் காலி. மருந்து எதுவும் அனுப்பப் போவதில்லை. எப்போதிருந்து தூக்கம் வரவில்லை, படுத்ததும் மனசில் என்ன ஓடுகிறது, அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று விட்டது எது, எத்தனை பக்கமானாலும் எழுது. நிம்மதியாகத் தூங்கி, நோய்நொடி இல்லாமல் நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உடம்புக்கு என்ன பண்ணுதும்மா?

இப்படிக்கு,
கேட்க மறந்த அப்பா