உறைக்குள் ஒரு குளிசை

லா சப்பல், பாரிஸ்
மாசி 1987

அன்பான ஜெகதீஸ்வரிக்கு,

நான் சுகம். நீயும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இது நானே என் கையால் எழுதும் முதற்கடிதம்!

சின்ன இருமல்தான், பயப்படாதே. காப்புறுதி இல்லாதவர்களுக்கென்று இங்கே ஒரு தரும வைத்தியசாலை இருக்கிறது. டாக்குத்தரம்மா காசே வாங்காமல், சிரித்துக்கொண்டு குளிசை தந்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குச் சந்தேகம். அறையில் கூட இருக்கும் வாமதேவனும், "சும்மா தாறது சோதிச்சுப் பாக்கத்தான் அண்ணை. எங்களை எலியெண்டு நினைச்சிட்டினம்," என்கிறான்.

ஆகவே இன்னும் விழுங்கவில்லை. ஒன்றை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். நம் ஊர் ஆசுபத்திரி அப்போதிக்கரியிடம் காட்டிக் கேட்டு எழுது. இருமலுக்குக் கசாயம் வைக்கக் கொஞ்சம் வேர்க்கொம்பும் அனுப்பு.

இதுவரை உன் கடிதங்களை வாமதேவன்தான் எனக்கு உரக்க வாசித்தான். அதனால் நீயும் சுகம் மட்டுமே விசாரித்தாய். இப்போது நானே எழுத்துக்கூட்டப் பழகிவிட்டேன்; இனி எதையும் எழுது. நான் தனியே வாசிப்பேன்.

தபாற்கந்தோர் பூட்டப்போகிறது.

உன்,
தவரத்தினம்