இடது காதில் ஒரு பலே

மார்ச் 4, செவ்வாய்

பஸ்ஸில் என் மனைவியின் கச்சேரியைக் கேட்டுக்கொண்டு போனேன். அவள் பாடுகிறவர்களுக்குப் பக்கவாத்தியமாக வயலின் வாசிக்கிறாள். போன மாதம் வாசித்ததை யாரோ பதிவு செய்து அனுப்பியிருந்தார்கள். "நேரம் இருந்தா கேளுங்க" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் நேரம் இருந்தே தீரவேண்டும் என்று அர்த்தம். எனக்கும் சங்கீதத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.

நாலாவது பாட்டு. வயலினும் மிருதங்கமும் சேர்ந்து ஓடி ஓரிடத்தில் சட்டென்று நின்றன. அப்போது மெல்ல ஒரு குரல் - "பலே". பெண் குரல். அவள் குரல்.

அந்தக் குழைவில் அவள் என்னிடம் உப்பு வேண்டுமா என்றுகூடக் கேட்டதில்லை.

மார்ச் 5, புதன்

திரும்பக் கேட்டேன். இருக்கிறது. இல்லை, இருமலோ? ஃபோனோடு வந்த இயர்போன் இது. பாதி பாட்டு, பாதி பஸ். மோட்டார் அறை வாசலில் நின்றபடியே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற ஆள் நான். ஒற்றை வார்த்தையை யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மிருதங்கக்காரரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். தலை நிறைய முடி.

மார்ச் 8, சனி

என்னோடு வேலை செய்கிறவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம், வாயை மூடமாட்டான். "சாஸ்திரிய சங்கீதம் கேக்கணும்னா காதுக்குள்ள போய் அடைச்சுக்கிற மாதிரி நல்லதா ஒண்ணு வாங்கு. மூச்சு விடறதுகூடக் கேக்கும்" என்றான். மூச்சு விடுவதும் கேட்குமாம். உடனே கடைக்குப் போய்விட்டேன்.

அங்கே இருந்த பெண் வரிசையாக எடுத்து வைத்தாள். இதில் அடிச்சத்தம் அதிகம், இதில் குரல் முன்னால் வரும், இதில் எல்லாம் சமம். ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவில் ரப்பர் மூடி. எனக்குத் தலை சுற்றியது. "பக்கத்துல மெதுவாப் பேசினா எதுல கேக்கும்?" என்றேன்.

"நீங்க பாட்டுதானே சார் கேக்கப் போறீங்க?"

"ஆமாம், ஆமாம்" என்று கையில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

தப்பான சரக்கு. மிருதங்கம் மண்டைக்குள் இடிக்கிறது. பலே அதற்கடியில் நசுங்கிப் போய்விட்டது. அந்த ஆளே வந்து கையால் மறைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

மாற்றி வாங்கினேன். இப்போது கண்ணாடி மாதிரி கேட்கிறது. பலே இடது காதில் வருகிறது.

மேடையில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பது மிருதங்கக்காரர்.

அப்படியென்றால் அவர் பக்கமாகச் சாய்ந்தாளா? நடுவில்தான் பாடகி உட்கார்ந்திருக்கிறாரே, எப்படிச் சாய முடியும்? முடியாது. ஆனால் கேட்கிறதே!

மார்ச் 12, புதன்

"என்னங்க, உடம்பு சரியில்லையா? தட்டுல போட்டது அப்படியே இருக்கு" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதபோது வேறு என்ன சொல்ல?

மார்ச் 15, சனி

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அப்பா, லெஃப்ட்டை ரைட்ல மாட்டிருக்கீங்க."

கழற்றிப் பார்த்தேன். ஆமாம். இத்தனை நாளாக இடமும் வலமும் மாறியிருக்கிறது. பலே வந்தது வயலின் பக்கத்திலிருந்துதான். இடிந்து உட்கார்ந்தேன். வயலினும் இத்தனை நாள் தப்பான காதில்தான் கேட்டிருக்கும், அது எனக்கு உறைக்கவே இல்லையே.

மார்ச் 16, ஞாயிறு

நிம்மதியாக இருக்கவேண்டும். இல்லை. வயலின் பக்கம் உட்கார்ந்து சொன்னாலும் மிருதங்கக்காரருக்குப் போய்ச் சேராதா?

மார்ச் 17, திங்கள்

ரேடியோவிடம் 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்' என்று சொல்லிக் கேட்டேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றான். பிறகு, "பேசாம வீட்ல கேட்டுடு" என்றான். தெரிஞ்ச ஒருத்தர் யார் என்று அவன் கேட்கவே இல்லை.

மார்ச் 19, புதன்

கேட்டுவிட்டேன்.

வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தைப் போட்டுக்காட்டி, "இது யாருக்குச் சொன்னே?" என்றேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். குரல் சாதாரணமாக வரவில்லை.

கவனித்துக் கேட்டாள். முகம் சிவந்துவிட்டது. "அட, இதுகூடப் பதிவாயிருக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

புரியவில்லை என்றேன்.

"அன்னிக்கி அந்த இடம் அவ்வளவு அழகா விழுந்துது. எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாடறவங்களுக்குச் சபையே சொல்லும். மிருதங்கத்துக்குக் கை தட்டுவாங்க. எனக்கு வேற யாரு இருக்கா சொல்ல?"

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "யாருக்குன்னு நெனச்சீங்க?"

என் முகத்திலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வில்லைப் பெட்டிக்குள் வைத்தாள். "எத்தனை தடவை கேட்டிருப்பீங்க?"

"நிறைய."

"அதுக்கு முன்னாடி நான் என்ன வாசிச்சேன்?"

எவ்வளவு யோசித்தும் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பலே மட்டும்தான் காதில் இருந்தது.

மார்ச் 20, வியாழன்

எனக்கான பேச்செல்லாம் மகள் வழியாக வருகிறது. "உங்க அப்பா கிட்ட சாவியை எடுத்துக்கச் சொல்லு."

மார்ச் 23, ஞாயிறு

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, வாய் சும்மா இருக்காமல், "எந்த எடம் நல்லாருக்குன்னு நீயே சொல்லிடேன், அங்க கவனிச்சுக் கேக்கறேன்" என்றேன்.

"சொல்லிக் குடுத்து வாங்கற பாராட்டு எனக்கு எதுக்கு?"

ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

மார்ச் 29, சனி

மறுபடி அதே கடை. "வயலின் எதுல நல்லாக் கேக்கும்மா?" என்றேன். "அன்னிக்கிப் பேச்சு கேக்கணும்னீங்க!" என்று அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் காதையும் பார்த்தாள். ஒன்று பெரிதாம், ஒன்று சிறிதாம். இடதுக்குப் பெரிய ரப்பரும் வலதுக்குச் சின்னதுமாகப் போட்டுக் கொடுத்தாள். இப்போதுதான் இரண்டும் சரியாக அடைத்துக்கொண்டன.

ஏப்ரல் 2, புதன்

முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். எது நல்ல இடம்? எல்லாம் ஒன்றுபோலவே இருக்கிறது. தேய்ந்த பேரிங் என்றால் தானே குரல் கொடுக்கும். நன்றாக ஓடுகிற மோட்டாரை நான் நின்று கேட்டதே கிடையாது. அவளையும் அப்படித்தான் விட்டுவைத்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"ஆறாவது பாட்டுல ஒரு எடம். வேகமா மேல ஏறிட்டே போறே, பாதியில டக்குனு நிக்கறே. அப்புறம் கீழ எறங்கி வேற வழியா வந்து சேந்துடறே. சரியா தப்பான்னு எனக்குச் சொல்லத் தெரியல. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கு."

அவள் கை நின்றுவிட்டது.

"அது நான் தப்புப் பண்ணின எடம்."

போச்சு, இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

"விரல் வழுக்கிடுச்சு. உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு எப்படியோ வந்து சேந்தேன்" என்றாள். மடித்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். "பக்கத்துல இருந்து பாடினவங்களுக்கே தெரியல. யாருமே கவனிக்கலைன்னு நெனச்சுட்டிருந்தேன்."

பிறகு கையை நீட்டினாள். "எங்க, குடுங்க பாக்கலாம்."

இடது பக்க ரப்பர் அவளுக்குப் பெரிதாக இருந்தது, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இடத்தைத் தேடிப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் திறக்காமலே, "இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.