அண்ணாவின் பெயருக்கு முன்னால் இருந்த சொல்

கதைக்கத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாத என் அம்மாவுக்கு,

நாளை மறுநாள் உங்கள் ஆண்டுப் பூசை. போன வருடம் உங்கள் மரண அறிவித்தலைச் செய்ததும் நான்தான். அதில் ஒரு சொல்லை வெட்டினேன். அண்ணாவின் பெயருக்கு முன்னால் இருந்த சொல். அதை உங்களிடம் சொல்ல இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பார்கள். கீரிக் கிராமத்தில் தொடங்கி ஓலைத்தொடுவாய்வரை போகும். அந்த ஒலிபெருக்கிக் கடை உங்கள் தம்பியுடையது, என் மாமாவுடையது. குரலும் மாமாவின் குரல்தான். பதிந்ததைக் கணினியில் வெட்டிச் சீராக்குவது என் வேலை. போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி, பல்கலைக்கழகமும் முடித்து, கண் தெரியாத பட்டதாரியாக வீட்டில் இருந்தேன். நீங்கள்தான் மாமாவிடம் கேட்டீர்கள்.

முதல் மென்பொருள் உங்களுக்குப் பிடித்திருந்தது. திரையில் நிறம் நிறமாக அலை என்றீர்கள். எனக்கு அது ஊமை. திரையை வாசித்துச் சொல்லும் குரல் அதற்குள் போனதும் ‘பொத்தான், பொத்தான்’ என்றது. எந்தப் பொத்தான்? சொல்லாது. நீங்கள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தீர்கள். மவுஸ் உங்கள் கையில்.

“பிள்ளை, இதில ஒரு பெரிய மலை. பிறகு வெறும் தரவை வெளி. அங்கால சின்னச் சின்னப் பத்தைச் செடியள்.”

“மாமா எந்த இடத்தில மூச்சு விடுறார்?”

“அவன் எங்க விட்டவன்? பிறந்ததிலயிருந்து மூச்சு விடாமத்தானே கதைக்கிறான்.”

“அக்கா, நான் இஞ்சதான் நிக்கிறன்.” பின்னாலிருந்து மாமா.

நீங்கள் இல்லாமல் ஒரு இருமலைக்கூட என்னால் எடுக்க முடியவில்லை. அது உங்களுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை.

வேறொன்று தேடினேன். கண் தெரியாதவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் கேட்டேன். ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன், அழித்தேன். அழகு வேண்டாம். நான் அழுத்தும் விசைக்கு அது வாய் திறக்க வேண்டும். எங்கே நிற்கிறேன் என்று கேட்டால் சொல்ல வேண்டும். வெட்டினால் எப்படி இருக்கும் என்று, வெட்டுவதற்கு முன்னரே கேட்கத் தர வேண்டும். கடைசியில் கிடைத்தது ஒரு பழைய, இலவச மென்பொருள். எட்டிப் பார்த்தீர்கள். “இதென்ன, சாம்பல் பூசின மாதிரி?”

சாம்பல்தான். ஆனால் தொடக்கத்துக்கு ஒரு விசை, முடிவுக்கு ஒரு விசை. இடையில் இருப்பது என்னுடையது.

முதல் கிழமையே மானம் போனது. மைக் திறந்திருக்க, ஹெட்செட் போட மறந்துவிட்டேன். மாமா வாசித்து முடித்ததும் நான் விசையை அழுத்த, திரைவாசிப்பானின் குரலும் பதிந்துவிட்டது. அவசரம். திருப்பிக் கேட்காமல் கொடுத்தேன். ஊர் முழுக்க ஓட்டோ சொல்லிக்கொண்டு போனது: ‘இன்று காலை காலமானார். இடைநிறுத்தம்.’ சந்தியில் ஒருவர் மாமாவை மறித்துக் கேட்டாராம்: “என்ன, ஆள் திரும்பவும் தொடங்குவாரோ?”

செத்த வீட்டில் மன்னிப்புக் கேட்க என்னைக் கூட்டிப்போனீர்கள். வழி முழுக்க உங்கள் கை குலுங்கியது. சிரிப்பு.

இனி நிக்சன் அண்ணா.

கடைசிச் சண்டையில் காணாமற்போனவன். எங்கள் வீட்டில் அவனுக்கு இறந்தகாலம் கிடையாது. அவனுக்குக் கணவாய்க் கறி பிடிக்கும் என்பீர்கள். பிடித்தது என்று நான் சொன்னால் கோப்பையைச் சத்தமாக வைப்பீர்கள். இறந்தவர்களின் திருநாளில் சேமக்காலையில் கல்லறைகளுக்குப் போகையில் மாமா அண்ணாவுக்கென்று மெழுகுதிரி ஒன்று கூடுதலாக வாங்கி வருவார். அதைத் திருப்பி அவர் கையிலேயே வைப்பீர்கள். நீங்கள் பேசாமல் இருந்த ஒரே இடம் அது.

நீங்கள் போன அன்று மாமா எங்கள் வீட்டிலேயே பதிந்தார். குசினியில், சமையல் மேசையில் கணினி. பக்கத்து அறையில் நீங்கள், உங்களைச் சுற்றிச் செபமாலை.

‘அன்னார் காலஞ்சென்ற சந்தியோகுவின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற நிக்சன் மற்றும் றெஜினா ஆகியோரின் பாசமிகு தாயாரும்…’

நிறுத்தினேன். “மாமா, அண்ணாவுக்கு முன்னால அது என்னத்துக்கு?”

“எத்தினை வருசமாப் போச்சு, பிள்ளை.”

“அம்மா விட்டிருக்கமாட்டா.”

“அக்கா இருக்குமட்டும் நான் வாய் திறந்தனானோ? அவனுக்கு ஒரு பூசை இல்லை. ஒரு மெழுகுதிரி இல்லை. நான் தூக்கி வளத்த பெடியன்.” மூக்கை உறிஞ்சினார். “நீ படிச்சனி. சொல்லு. அவன் வருவான் எண்டு நம்புறியோ?”

நான் ஹெட்செட்டை எடுத்து மாட்டினேன், அம்மா. நம்பவில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உங்களுக்கு அது தெரிந்திருந்ததா? தெரிந்துதான் என்னிடம் ஒருநாளும் கேட்காமல் இருந்தீர்களா?

மாமா ஒலிபெருக்கி கட்ட வெளியே போனார்.

‘காலஞ்சென்ற’ என்ற அந்தச் சொல் இரண்டு இடத்தில் இருந்தது. அப்பாவுக்கு முன்னால் இருப்பது நிற்க வேண்டும். அம்புக்குறி விசையால் மற்றதை அடைந்தேன். தொடக்கம் வைத்தேன். முடிவு வைத்தேன். வெட்டுமுன் கேட்டேன்.

‘…க்சன் மற்றும் றெஜினா.’

அண்ணாவின் பெயரும் கொஞ்சம் போயிருந்தது. மாமா மூச்சு விடாமல் வாசித்திருக்கிறார். சொல்லும் பெயரும் ஒட்டிக் கிடந்தன. முடிவைப் பின்னுக்கு இழுத்தேன். இப்போது சொல்லின் வால் மிஞ்சியது. மறுபடியும் தள்ளினேன். துளியளவு. கேட்டேன். இன்னும் துளியளவு. அறைக்குள் ‘இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்’ என்று போய்க்கொண்டிருந்தது. ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

‘…அன்பு மனைவியும், நிக்சன் மற்றும் றெஜினா…’

முழுப் பெயர். வெட்டினேன்.

ஏன்? உங்களுக்காக என்றால் அது பாதி உண்மை. அண்ணாவைத் தேடிப் போன அரசாங்கக் கந்தோர்களில் எல்லாம் நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் வாய் திறக்காதபோது, அவர்களுக்கான பதிலை நாங்களே ஓட்டோவில் ஏற்றி ஊருக்குச் சொல்வதா? நான் நம்புவது வேறு. எங்களுக்குச் சொல்லப்பட்டது வேறு. சொல்லப்படவே இல்லை.

ஓட்டோ கோயிலடியில் திரும்பும்போது அந்த வரி வந்தது. சத்தம் நின்றது. மாமாவின் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

“வெட்டிப்போட்டாய்.”

“ஓம், மாமா.”

கதிரை ஒன்று இழுபட்டது. பிறகு, மெதுவாக: “வெட்டின இடம் தெரியேல்லையடி.”

போய் ஓட்டோவில் ஏறினார். அறிவித்தல் முதலிலிருந்து தொடங்கியது.

இந்த வருடம் ஆண்டுப் பூசை அறிவித்தலை வாசிக்கத் தன்னால் ஏலாது, நீயே வாசி என்று மாமா சொல்லிவிட்டார். நேற்றுப் பதிந்தேன். நிக்சன் என்னும் இடத்தில் என் குரல் தடுக்கியது. எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அப்படியே ஊருக்குக் கேட்கட்டும்.

மாமாவுக்கும் அண்ணாவுக்காக அழ வேண்டும், அம்மா. அவரை நான் தடுத்துவைத்திருக்கிறேனா?

என்னிடம் ஒரு வாக்கு மட்டும் இருக்கிறது. அவனுக்கு என்ன நடந்தது என்று யாராவது ஒருநாள் எங்கள் முகத்துக்கு நேரே சொன்னால், அந்தச் சொல்லை அவன் பெயருக்கு முன்னால் நானே சொல்லுவேன். என் குரலில், ஊர் கேட்க. அன்று பூசையும் கொடுப்போம், மாமா மெழுகுதிரி பிடிப்பார். அதுவரை வேறு யாரையும் சொல்ல விடமாட்டேன்.

நிக்சனின் தங்கையும்
உங்கள் மகளுமான
றெஜினா