எங்கட ஆக்கள் இல்லாத ஊர்

கற்பிட்டி
மே மாதம், ஞாயிறு

அன்பு மகள் ஷானிகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

இயேசுவுக்கே புகழ். நீ அந்த வெளிநாட்டில் சுகமாய் இருக்க வேண்டும் என்று தினமும் புனித அன்னம்மாளிடம் சொல்லிக்கொண்டுதான் படுக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதித்தான் கடிதம் தொடங்க வேண்டுமாம், ஆனால் உனக்குப் பொய் எழுதி எனக்குப் பழக்கம் இல்லை, அதனால் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நீ இரண்டு வார்த்தைக்குள் அழத் தொடங்குகிறாய், நான் உடனே ஏசத் தொடங்குகிறேன், பிறகு யாராவது ஒருவர் வெட்டிவிடுகிறோம். கடிதத்தில் நான் ஏசி முடிக்கும் வரைக்கும் உன்னால் வெட்ட முடியாது. உன் மாமி அனஸ்தாசியா பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு நீ தங்கியிருக்கிற மகன் றொமேஷின் வீட்டுக்கு வருகிறார், அவருடைய பெட்டியில் கருவாட்டுப் பொதியோடு இதையும் வைத்து விடுகிறேன். நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன், என்றாலும் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உன்னிடம் தருவார், நீயும் ஒன்றும் தெரியாத மாதிரி வாங்கிக்கொள்.

இந்த வருடம் சோளகக் காற்று நேரத்தோடு எழும்பிவிட்டது, கடலில் இறங்க முடியவில்லை. படகு கரையில் கிடக்கிறது. அதை மேலே இழுத்து வைக்க ஆள் தேடி அப்பா பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். முன்பு ஒரு சத்தம் போட்டால் ஓடி வந்தவர்கள் எல்லாம் இப்போது இத்தாலியிலும் சைப்பிரசிலும் நிற்கிறார்கள். கடைசியில் கோயிலுக்கு வெள்ளை அடிக்க வந்த பொடியன்மாரையும் கோழி ஏற்றிக்கொண்டு வந்த லொறிக்காரரையும் கெஞ்சிக் கூட்டி வந்து இழுத்தார். மதுரங்குளியிலிருந்து மீன் எடுக்க வருகிற றவூப் நானா உன்னை விசாரித்தார். அவருடைய மகள் ருஷ்தா, உன்னைவிட இளையவள், விஞ்ஞானம் படிக்கவென்று கண்டியில் கொண்டுபோய் வைத்துப் படிப்பித்தாரே, அவள் மூன்றாம் தரமும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கீழே போய்விட்டாளாம். இப்போது சந்தியில் ஒரு பாமசியில் நிற்கிறாள், டொக்டர்மார் கிறுக்கியதை வாசித்து மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டு. நானா அதைச் சொல்லிவிட்டு களப்பில் பிடித்த இறாலுக்கு விலை பேசாமலே லொறியில் ஏறிப் போய்விட்டார். நல்ல ஆசிரியர்மார், நல்ல வகுப்பு, எல்லாம் கிடைத்த பிள்ளைக்கே இப்படி என்றால் எங்கள் கதை என்ன என்று எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இனி உன்னுடைய விசயத்துக்கு வருகிறேன். பகல் முழுக்க வயோதிபர் இல்லத்தில் கிழடுகளைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு, பின்னேரம் றொமேஷ் வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் இரண்டு வருடம் உயிரியலும் இரசாயனமும் பௌதிகமும் படித்தாய். எல்லாவற்றிலும் நல்ல புள்ளி. ஆனால் அங்கே ஆய்வுகூடம் இல்லை, இப்போது மருத்துவப் பீடத்துக்காரர்கள், ஆய்வுகூடத்தில் கையால் செய்து படிக்காத பாடம் எங்களுக்குப் பாடமே இல்லை, திரும்பவும் முதலிலிருந்து படித்துவிட்டு வா என்கிறார்கள். நீ வீட்டுக்குக் கிட்ட இருக்கிற இன்னொரு கல்லூரியையும் விமானத்தில் போக வேண்டிய அந்தத் தூர ஊர்ப் பல்கலைக்கழகத்தையும் சொல்லி, எதற்குப் போகட்டும் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறாய். கிட்டக் கல்லூரியின் பாடத்தைச் சில மருத்துவப் பீடங்கள் எடுக்குமாம், சில எடுக்காதாம். தூர ஊரில் படித்தால் எல்லோரும் எடுப்பார்களாம், ஆனால் வேலையை விட வேண்டும், றொமேஷ் வீட்டையும் விட வேண்டும், அங்கே எங்கள் ஆட்கள் ஒரு குருவிகூட இல்லை.

அப்பாவிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று உனக்குத் தெரியாதா? சோளகம் எழும்பினால் கிழக்குக் கரைக்குப் போய் ஓலையால் வாடிக் குடிசை போட்டு மீன்பிடித் தொழில் செய்து வந்த சனம் நாங்கள், நீயே அந்த வாடி மணலில் படுத்து வளர்ந்தவள். வாடி போடப் போகிறவன் அங்கே மீன் படுகிறதா என்று முதலில் கேட்க மாட்டான், பக்கத்து வாடி யாருடையது என்றுதான் கேட்பான். எங்கள் கோயில் ஆட்கள் பக்கத்தில் இருந்தால் போதும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்க ஒரு அடுப்பு, செத்தால் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்க நாலு தோள். அந்தப் புத்தியோடுதான் நீ முதல்முதல் எங்கே படிக்கட்டும் என்று கேட்டபோதும், “அங்க எங்கட ஆக்கள் ஆரும் இருக்கிறாங்களா?” என்று கேட்டார். றொமேஷ் இருக்கிறான் என்றதும் விசயம் முடிந்துவிட்டது. அந்தக் கல்லூரியில் என்ன இருக்கிறது என்ன இல்லை என்று ஒருவரும் பார்க்கவில்லை. இதற்காக றொமேஷை ஏசாதே. அவன் பேக்கரியில் பாண் போடுகிறவன், போகிற வழியில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டான், சொன்னான், அவ்வளவுதான்.

 பாடம் செல்லாது என்று நீ சொன்னதற்கு மறுநாள் அப்பா கோயிலுக்குப் போகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் நீ படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய், ஆய்வுகூடத்தைக் காட்டுங்கள் என்று அதிபரிடம் கேட்டிருக்கிறார். பேரப்பிள்ளை யாரும் படிக்கிறதா என்று அதிபர் கேட்டாராம், இல்லை, சும்மா பார்க்க என்றாராம். பூட்டின் திறப்பைத் தேடி எடுக்கவே கனநேரம் சென்றதாம். உள்ளே உடைந்த கதிரைகள் கூரை முட்டக் குவிந்து கிடக்க, கண்ணாடிச் சாமான்கள் அலுமாரிக்குள் பெட்டி பிரிக்காமல் அப்படியே இருந்ததாம். மேசைக்கு மேசை குழாய் வைத்திருந்ததைக் கண்டு ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறார், தண்ணீர் வரவில்லை, எறும்புதான் வரிசையாய் வந்ததாம். கட்டித் திறந்த நாளிலிருந்து தண்ணீர் லைன் கொடுக்கவில்லை, இரசாயனத்துக்கு ஆசிரியரும் வரவில்லை என்று அதிபர் சொன்னாராம். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் குந்தியிருந்து என்னிடம் சொன்னார், “இது இல்லாததாலதான் பிள்ளைய வர்த்தகம் படிக்க விட்டம். அங்க போயும் இது இல்லாத இடமாப் பாத்துத்தான் விட்டிருக்கிறம்.” அன்றையிலிருந்து இரவில் புரண்டு புரண்டு படுக்கிறார்.

என் மனதில் இருப்பதையும் கேள். எனக்கு நம்பிக்கை இல்லை மகள். திரும்பவும் படித்து, பரீட்சை எழுதி, வரிசையில் நின்று, ஒரு இடம் கிடைத்து, பிறகும் வருடக்கணக்காய்ப் படித்து, நீ டொக்டர் என்று கதவில் பெயர் போடும்போது உன் தலை நரைத்திருக்கும், எங்கள் தலை மண்ணுக்குள் இருக்கும். அந்த இடம்கூடக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. போன மாதம் தலவில் கோயிலுக்குப் போய் அன்னம்மாளின் முன்னால் முழங்காலில் நின்றபோதும் இதை வாய்விட்டுக் கேட்க வரவில்லை, கேட்டுக் கிடைக்காமல் போனால் அவரோடும் கோபித்துக்கொள்ள வேண்டி வரும், எனக்கு இருக்கிறது அவர் ஒருவர்தான். போதும் பிள்ளை, நிறுத்து, வருகிற சம்பளத்தோடு மரியாதையாய் இரு என்று எழுதத்தான் இந்தப் பேப்பரை எடுத்தேன்.

முதல் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தார். பிள்ளை கேட்டதற்கு என்ன எழுதப் போகிறாய் என்றார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தத் தூர ஊரில் எங்கள் ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று பழையபடி அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்குப் பேனாவை எறியப் பார்த்தேன். ஒருவரும் இல்லை, ஒருவருமே இல்லை என்று கத்தினேன். அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு, “அப்ப அங்கயே போகச் சொல்லு” என்றார். சொல்லிவிட்டு எழும்பிப் படகடிக்குப் போய்விட்டார், இன்னும் வரவில்லை.

ஆகவே தூர ஊருக்கே போ. போனால் ஞாயிற்றுக்கிழமையில் றொமேஷ் வீட்டு ஆட்களோடு சேர்த்துப் போனில் உன் முகத்தைப் பார்க்கிறதும் நின்றுவிடும், உனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்க ஆள் இல்லை, எங்களுக்கு ஒன்று நடந்தால் உனக்குப் பக்கத்தில் நின்று அழ ஆள் இல்லை. அது அவருக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்லிவிட்டுப் போனார். நீ டொக்டராகவும் மாட்டாய், இந்தக் கரைக்குத் திரும்பி வரவும் மாட்டாய் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் நினைத்தது எத்தனையோ பிழையாய்ப் போயிருக்கிறது, இதுவும் பிழையாய்ப் போகட்டும். மாமியின் மனம் நோகாமல் வீட்டை விட்டுக் கிளம்பு, றொமேஷுக்கும் அவன் பெண்சாதிக்கும் நன்றி சொல்லிவிட்டுப் போ. தலை ஈரத்தோடு வெளியே இறங்காதே, பாணும் தேத்தண்ணியுமாய் நாளை ஓட்டாதே, கருவாடு பொரிக்கும்போது யன்னலைத் திற, இல்லாவிட்டால் அந்த ஊர்ச் சனம் பொலிசுக்குச் சொல்லும். படுக்கப் போகும்போது செபமாலையில் பத்து மணி, ஒரு காரணிக்கமாவது சொல்.

மாதா உனக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கட்டும், சம்மனசுகள் உன் வழிக்குக் காவலாய் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே பெயர் பதிகிறதற்கு முந்தி ஆய்வுகூடத்துக்கு நீயே நேரில் போ, யாருடைய வாயையும் நம்பாதே, உள்ளே போய் ஒரு குழாயைத் திறந்து பார். பார்த்துவிட்டு அப்பாவுக்குப் போனில் ஒரு கோல் எடு. அழவும் வேண்டாம், வேறு கதையும் வேண்டாம். தண்ணீர் வருகிறது அப்பா என்று மட்டும் சொல்.

உன்னைப் பெற்ற
அம்மா மக்தலேனா