நட்சத்திரக் குறி எடுத்துத் தந்த படம்

தை மாதம், வெள்ளி இரவு.

சுன்னாகத்தில் நான் வேலை செய்யும் அச்சகத்தில், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளுக்குப் படக்கோப்பைத் தேடி எடுக்க ஒரு கணினி நிரல் எழுதி வைத்திருந்தேன். பெயரின் தலைப்பெழுத்தைச் சிலர் தராமலே போய்விடுவார்கள். அதனால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டேன். எந்த எழுத்து இருந்தாலும் பொருந்தும். பெரிய கெட்டிக்காரன் நான்!

இறந்தவர் க. செல்வரத்தினம். நிரல் எடுத்துத் தந்தது, அறுபதாம் கலியாண அழைப்பிதழுக்காக சி. செல்வரத்தினம் முன்பு தந்த படம். பார்க்காமலே அச்சடித்தேன். மத்தியானத்துக்குள் சந்தி மதிலெல்லாம் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஓடி ஓடிக் கிழித்தேன். கடைசி மதிலடியில் படத்திலிருந்த சி. செல்வரத்தினமே நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என்ரை பிழை. உங்கடை படத்தை இப்பவே அழிச்சுவிடுறன்."

"அழிக்காதை தம்பி, வச்சிரு. சித்திரை வரைக்கும்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வீட்டிலை இன்னும் சொல்லேல்லை."

நிரலைத் திருத்திவிட்டேன். படம் அப்படியே இருக்கிறது.

பின்னேரம் அவருடைய மனைவி தொலைபேசியில் அழுது ஏசினார். நாளைக் காலை கடைக்கு வருகிறார். தன் கண் முன்னால் அந்தப் படத்தை நான் அழிக்க வேண்டுமாம்.