பாகத்தில் விட்டுப்போன கடிகாரம்

நாள் 41, காலை 9.10
நிலாத் தென்துருவம், நீர் நிலையம் எண் 3

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவானே! உப்புமாப் பொட்டல அட்டைகளின் முதுகில் நான் எழுதப்போகும் இந்தச் சரித்திரத்தில் ஒரு வரியைக்கூட நீ நம்பமாட்டாய். ஈரேழு பதினாலு உலகத்திலும் நம்ப ஆள் கிடையாது, இது சத்தியம். எழுதுபவர் பொன்னுரங்கம். நிலையத்தின் ஒரே பொறியாளர், ஒரே சமையல்காரர், ஒரே குடிமகன். ஆகவே சக்கரவர்த்தி.

வழக்கமான அறிக்கை: காற்று இருப்பு 60 மணி நேரம். நாளை பிற்பகல் 2.00 மணிக்குக் காற்றுப் பெட்டகம் ஆளில்லாமல் வந்து கூரைக்கு மேல் பத்து நிமிடம் நிற்கும். மடிக்கணினி நேரம் பார்த்து, கூரையிலுள்ள இயந்திரக் கையை நீட்டிப் பிடித்துக்கொள்ளும். சக்கரவர்த்தி வேடிக்கை பார்ப்பார்.

மடிக்கணினியின் எடை எண்ணூறு கிராம். எடைக்குப் பயந்து என் கைக்கடிகாரத்தைக்கூடப் புறப்படும் அன்று பிடுங்கிக்கொண்டார்கள். கணினிக்குள் குடியிருக்கும் இயங்குதளத்துக்கு நான் வைத்த பெயர் பெரியவர். ஓர் எழுத்தைத் தட்டினால், அது திரைக்கு வருவதற்குள் நிலா பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது.

பொறுத்தது போதும். இன்று பாகப்பிரிவினை.

நாள் 41, மாலை 4.45

முடிந்தது. கணினியின் சேமிப்பகத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெரியவருக்கு. மீதியில், பென்டிரைவில் ஒளித்துக் கொண்டுவந்த ஓர் ஒல்லி இயங்குதளத்தைக் குடிவைத்தேன். பெயர் சின்னவர்.

ஆத்தூரில் நானும் என் அண்ணனும் வீட்டைப் பிரித்தபோது அண்டா, குத்துவிளக்கு, முருங்கை மரம் வரை பத்திரத்தில் எழுதிவிட்டு, கூடத்துச் சுவர்க்கடிகாரத்தை மட்டும் மறந்துபோனோம். அதற்காகப் பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அப்பேர்ப்பட்ட அனுபவசாலி செய்த பிரிவினை இது. குறை இருக்குமா?

சின்னவர் பறக்கிறார். கணினியை இயக்கியதும் வாசலில் நின்று "உமக்கு யார் வேண்டும்?" என்று கேட்பவரும் அவரே. பெரியவர் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சுவருக்கு இருபுறமும் நின்று இருவரும் திட்டிக்கொண்ட திட்டில் நிலாவில் நாலு புதுப் பள்ளம். பெரியவர் செருப்பையும் வீசினார்.

மாலை 5.30, வானொலி. பூமிக் கட்டுப்பாட்டு அறையில் என் அண்ணன் மகள் மங்கையர்க்கரசி.

"சித்தப்பா, கணினியில என்னத்தை நோண்டுனீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ரெண்டு பேர் அடிச்சுக்கிறாங்க, விலக்கிட்டு இருக்கேன்."

"போன மாசம் நல்ல பாம்பு வந்துருச்சுன்னீங்க. அதுக்கு முன்னாடி காத்து கசியுதுன்னு எங்க எல்லாரையும் அலறவிட்டீங்க. அப்பா சரியாத்தான் சொன்னாரு. நீங்க எதைச் சொன்னாலும் எட்டால வகுத்துத்தான் கேக்கணும்."

குடும்பமே இப்படித்தான். நஞ்சு.

நாள் 42, காலை 5.40

இயந்திரக் கையை ஆட்டுவிக்கவும் பூமிக்கு அறிக்கை அனுப்பவும் தெரிந்தவர் பெரியவர் மட்டுமே. ஆகவே எழுந்ததும் அவரைத் திறந்தேன். மணி 5.40! கும்பகர்ணனுக்குப் பாடம் எடுக்கத் தகுதியுள்ள பொன்னுரங்கம், விடியலில் விழித்துவிட்டார். இங்கே வெயில் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதால் சன்னலைப் பார்த்துப் பயனில்லை. பெட்டகம் வர எட்டு மணி நேரம் இருக்கிறது. உப்புமா கிண்டினேன்.

நாள் 42, காலை 8.40

தரை அதிர்ந்தது. தம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக ஆடியது. பத்து நிமிடம் இருக்கும். பிறகு நின்றது. பெரியவர் சுவரை உதைக்கிறார் போல. உதைக்கட்டும்.

நாள் 42. சின்னவர் சொல்படி பிற்பகல் 3.20. பெரியவர் சொல்படி காலை 9.50

பாவிகள்.

சீட்டாடலாம் என்று சின்னவரைத் திறந்தேன். மூலையில் பிற்பகல். இரண்டு முறை மாற்றி மாற்றித் திறந்தேன். ஐந்தரை மணி நேர வித்தியாசம்.

மடிக்கணினிக்குள் இருக்கும் கடிகாரம் ஒன்றே ஒன்று. அதில் இருப்பது இந்திய நேரம் என்பது பெரியவர் நம்பிக்கை. சின்னவரோ குடியேறியதுமே அதை உலகப் பொது நேரத்துக்குத் திருப்பிவைத்துவிட்டு, தன் திரையில் மட்டும் ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டியிருக்கிறார். பெரியவருக்கு அந்தச் செய்தி போகவில்லை. நான் அந்தக் கடிகாரத்தை யார் பாகத்திலும் எழுதவில்லை.

தம்ளர் ஆடி நின்றபோது உண்மையான மணி 2.10.

காற்று இருப்பு: 30 மணி நேரம்.

"மங்கை, பெட்டகம் தவறிருச்சு. அவசரப் பெட்டகம் அனுப்பு."

"அது பத்து நிமிஷம் நின்னுட்டுத் திரும்பிருச்சு. வேணும்னுதானே கையை நீட்டாம விட்டீங்க?"

"இங்க முப்பது மணி நேரந்தான் இருக்கு!"

"எங்க திரையில அறுபதுன்னு இருக்கே."

"அது நேத்து நிலவரம்டி!"

"இன்னைக்கு வந்த அறிக்கையில நேரம் பொருந்தலைன்னு எங்க கணினி குப்பையில போட்டுருச்சு. நேரம் சரியா இருக்கற ஒரே ஒரு அறிக்கை அனுப்புங்க. மேலதிகாரி கையெழுத்துப் போட அது வேணும். உங்க வாய்வார்த்தைய வச்சுக் கேட்டா என்னைத்தான் சிரிப்பாங்க. நாலரைக்கு இணைப்பு போயிரும், மறுபடி எட்டு மணி நேரம் கழிச்சுத்தான்."

அவசரப் பெட்டகம் வந்துசேர இருபத்தாறு மணி நேரம். கூட்டிப் பார். நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

நாள் 42, பிற்பகல் 4.05

கடிகாரத்தைச் சின்னவர் வழியாகத் திருத்தினேன். அணைக்கும்போது பழையபடி திருப்பிவைத்துவிட்டுப் போனார். மறுபடி திருத்தினேன். மறுபடி திருப்பினார். பெரியவரைக் கேட்டால் கடவுச்சொல் வேண்டுமாம், அது பூமியில் இருக்கிறதாம். இருவரும் எனக்கு எதிராகச் சேர்ந்துவிட்டார்கள்.

அடே ஒல்லிப்பயலே, இன்றோடு நீ ஒழிந்தாய். பெரியவருக்குள் புகுந்து சின்னவரின் பாகத்தை மொத்தமாக அழித்துவிட்டேன். இனி கணினியை அணைத்து மறுபடி இயக்கி, யாரும் திறப்பதற்கு முன் கடிகாரத்தை நேரடியாகத் திருத்த வேண்டியதுதான் பாக்கி.

நாள் 42. நேரம் தெரியாது

திருத்தினேன். ஆனால் பெரியவர் வரவில்லை. கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக்.

வாசல் சின்னவர் பாகத்தில் இருந்திருக்கிறது. வீட்டை இடித்தபோது வாசலும் போய்விட்டது. பெரியவர் உள்ளே சுகமாக இருக்கிறார். அவரிடம் போக வழியில்லை. அறிக்கையும் இல்லை.

வானொலியில் கொஞ்சம் உயிர் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அலங்காரம் இல்லாமல் பேசினேன்.

"மங்கை. காத்து முப்பதுக்கும் குறைவு. அறிக்கை அனுப்ப முடியல. பெட்டகம் அனுப்பும்மா."

இரைச்சல்.

"சித்தப்பா... பாம்பு கீம்பு ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா."

"ஏன் இப்படிப் பேசறீங்க? நெசமாவே..."

இணைப்பு போய்விட்டது.

அவள் எழுந்து மேலதிகாரியிடம் ஓடினாளா, இல்லை சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போனாளா, எனக்குத் தெரியாது. கண்டெடுக்கும் உனக்குத் தெரிந்திருக்கும். இந்த அறையில் நுழைந்ததுமே தெரிந்திருக்கும்.

பாம்பு பொய். காற்று கசிந்தது பொய். செருப்பு, நாலு பள்ளம், சக்கரவர்த்தி, எல்லாம் பொய். அண்ணனோடு பதினோரு வருடம் பேசவில்லை என்றேனே, அதுவும் பொய். இன்றுவரை பேசவில்லை. மிச்சத்தை எட்டால் வகுத்துக்கொள்.

ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் அப்படியே உண்மை. தம்ளரில் தண்ணீர் பத்து நிமிடம் ஆடியது. நான் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.