முனையா, முயலா

அன்பு மகள் குருவிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் திடமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டால் அதுவே எங்களுக்குப் போதும். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, பயப்படாதே, இப்போது சாப்பாட்டில் முடி கிடந்தால் எனக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுகிறார், அது ஒன்றுதான் எனக்குக் கஷ்டம்.

அந்த ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இல்லை இது, ஊரின் மறுகோடி, எனக்கு அங்கே ஒரு முகமும் தெரியாது. கண்ணில் கட்டோடு அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வருகிறேன், சலவைக்கூடத்திலிருந்து பாட்டுச் சத்தம். என் பாட்டு. நான் சலவையில் சேர்ந்த புதிதில், நெட்டையக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் படுக்கைவிரிப்பைப் பிடித்து மடிக்கும்போது அவள் இழுக்க நான் விட என்று தடுமாறுவோம், கை ஒன்றாகப் போகட்டும் என்று நானே கட்டினேனே, முனையைப் பிடி முன்னே வா, மடித்துக் கொடு பின்னே போ என்று, அதுதான். கால் தானாக உள்ளே போய்விட்டது. உன்னைவிடச் சின்னப் பெண்கள் இரண்டு பேர். ஒருத்தி தண்ணீர் குடிக்க நகர்ந்ததும், அப்பாவைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு அவள் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு பாடினேன். முதல் அடியிலேயே எதிரில் இருந்தவள் நிறுத்திவிட்டாள். அக்கா, அது முனை இல்ல, முயல், தப்பாப் பாடுறீங்க என்றாள்.

அந்த முயலை உள்ளே விட்டது நீதான். பள்ளி விட்டு வந்து துணிமூட்டைமேல் உட்கார்ந்து, காதில் தப்பாக வாங்கிக்கொண்டு, முயலைப் பிடி முயலைப் பிடி என்று கத்துவாய், நாங்களும் வேண்டுமென்றே அப்படியே பாடுவோம். நெட்டையக்கா பிறகு இந்த ஆஸ்பத்திரிக்கு மாறிப் போனாள், முயலையும் கூடவே கூட்டிப் போயிருக்கிறாள். அவளும் ஓய்வு பெற்றுப் போய்விட்டாள், இந்தப் பெண்கள் அவளைப் பார்த்ததுகூட இல்லை. முயல் எங்கேயம்மா வந்தது என்று கேட்டேன். மடிப்பின் நுனியைத் தூக்கிக் காட்டி, காது மாதிரி நிக்குது பாருங்க, அதைத்தான் பிடிக்கணும் என்றாள். யார் கட்டினது என்றேன். யாரோ தெரியலக்கா, நாங்க வரும்போதே இருந்துச்சு, சூப்பர்வைசர் பத்தின அடி மட்டும் நாங்க போட்டது என்று அதையும் பாடிக் காட்டினாள், அவர் வந்தால் குரல் இறங்குகிறது, போனால் ஏறுகிறது, நான் கட்டினதைவிட நன்றாக இருந்தது. உடனே அப்பா அவளிடம், இவதாம்மா கட்டினது என்று சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையைக் கிள்ளினேன். முயலென்றே பாடி ஒரு கட்டு மடித்துக் கொடுத்தேன். பரவால்லக்கா, சீக்கிரம் பிடிச்சிட்டீங்க என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று வழியெல்லாம் அப்பாவுக்குக் கோபம். சொல்லியிருந்தால் அது என் பாட்டாகிவிடும், இனிமேல் ஓர் அடி சேர்க்கவும் அவர்களுக்குக் கூச்சம் வரும். இப்போது அது அவர்களுடையது. அவள் என்னைத் திருத்தினாளே, அந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

உன் ஆபீசில் எல்லோரும் பரம்பரைப் பாட்டு பாடியபோது எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். இனி அப்படிச் சொல்லாதே. இதைப் பாடு, உன் பங்குக்கு ஓர் அடி போட்டுக்கொள். யார் கட்டியது என்று கேட்டால் தெரியாது என்று சொல், பொய்யில்லை, பாதி எனக்கே தெரியாது.

இருவரும் ஒற்றுமையாக, குறையில்லாமல் வாழ வேண்டும். ஈரத்தலையோடு வெளியே கிளம்பாதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா